கேள்வித்தாளின் ஓரத்தில்

அந்த ஆய்வுத் திட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் நடந்துகொண்ட விதத்துக்கு அந்தச் சந்தோஷமும் ஒரு காரணம்.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். ஊர் சாயர்புரம் பக்கம், வாத்தியார் குடும்பம். எங்கள் வீட்டில் கணக்கும் அறிவியலும் படித்தவர்கள்தான் படித்தவர்கள். அண்ணன் வேதியியல் படித்தான். என்னைப் பற்றி யாராவது விசாரித்தால் அப்பா, "இவ சும்மா ஒரு பி.ஏ. படிக்கா" என்பார். முனைவர் பட்டம் வாங்கித் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அந்தச் 'சும்மா' என்னை விட்டுப் போகவில்லை. அதனால் கடல் உயிரியல் பேராசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "பல துறை சேர்ந்து செய்யுற ஆய்வு, சமூகப் பகுதிக்கு நீங்க வரணும்" என்றபோது, எவ்வளவு நாள், என்ன வேலை என்று ஒன்றும் கேட்காமல் சரி என்றேன்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஓர் உப்பங்கழி. மாப்பிள்ளையூரணியைத் தாண்டிப் போனால் உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும். ஊரில் அதை ஓடை என்றுதான் சொல்வார்கள். கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது சேறு தெரியும். அந்தச் சேற்றில் பக்கத்துக் கடற்கரை ஊர்ப் பெண்கள் மட்டி எடுப்பார்கள். மட்டியின் சதை குழம்புக்கு, ஓடு சுண்ணாம்புக்கு. சில வருடங்களாக மட்டி குறைந்துகொண்டே வந்தது. ஏன் குறைகிறது, ஓடையும் கெடாமல் அந்தப் பெண்களின் பிழைப்பும் கெடாமல் என்ன செய்யலாம் என்பதுதான் ஆய்வின் கேள்வி. திட்டத்தின் நீளமான பெயரில் 'நீடித்த வளர்ச்சி' என்ற சொல்லும் 'பல்துறை' என்ற சொல்லும் இருந்தன. உயிரியல் பேராசிரியர் தலைவர். மட்டியை எண்ணுவதும் தண்ணீரைச் சோதிப்பதும் அவர் பங்கு. கயத்தாற்றுக்காரரான ஒரு பொறியாளர் கரை அரிப்பையும் நீரோட்டத்தையும் பார்ப்பார். என்னைவிட வயதில் இளையவர், அதிகம் பேசாதவர். நான் மக்களிடம் பேச வேண்டும்.

கேள்வித்தாள் தயாரிக்கும்போதே முதல் தவறு நடந்தது. மட்டி ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி பாதிப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தேன். தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "ஆளுக்கு ஒரு கதை சொல்லுவாங்களே, அதை எப்படி அட்டவணை போடுறது? நாலு பதில் கொடுங்க, டிக் பண்ணிட்டு வாங்க" என்றார். மக்கள் சொல்ல வேண்டிய பதிலை நாமே முன்கூட்டி எழுதிக் கொடுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாத விஷயம். எனக்குத் தெரிந்த விஷயம். வருடா வருடம் மாணவிகளுக்கு நான் நடத்துகிற பாடமே அதுதான். ஆனால் நான் வாதாடவில்லை. அன்று மாலையே நாலு பதில் எழுதிக் கொடுத்தேன்: அளவுக்கு மீறி எடுப்பது, கழிவு கலப்பது, பருவநிலை மாற்றம், தெரியாது.

ஓடைக்குப் போன முதல் நாள் ஓர் அக்காவைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. இடுப்பில் ஒரு கயிறு கட்டி அதன் மறுமுனையில் காலிப் பெயிண்ட் வாளியைக் கட்டியிருந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் அவர் நகர நகர வாளி பின்னாலேயே மிதந்து வந்தது. கால்விரலால் சேற்றைத் துழாவி, தட்டுப்பட்டதும் குனிந்து எடுத்து, பின்பக்கம் திரும்பாமலே வாளிக்குள் போடுவார். ஒன்றுகூடத் தவறி வெளியே விழுந்து நான் பார்க்கவில்லை.

தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தக் கேள்வி வந்தது.

"மட்டி எதனால குறஞ்சிதுக்கா?"

"ரோட்ட ஒசத்துனாவல்லா, அதுல இருந்துதான் டீச்சர்." மேற்கே கை காட்டினார். உப்பளத்து லாரிகள் போவதற்காக ஓடைக்குக் குறுக்கே போட்ட ரோடு. "அதுக்கு அடியில ரெண்டு குழாய் கெடக்கு. ஒசத்தும்போது மண்ணும் கல்லும் போட்டு அடச்சிட்டாவ. ரோட்டுக்கு அங்கன தண்ணி ஏறி வரமாட்டக்கு. கெடக்க தண்ணியும் உப்பாக் காயுது. குஞ்சு மட்டி எல்லாம் அங்கனதான் பொறக்கும். அங்க செத்தா இங்கன எப்படி வரும்?"

நான் கேள்வித்தாளைப் பார்த்தேன். "இந்த நாலுல எதுக்கா? கூடுதலா எடுக்கறதாலயா, கழிவாலயா, பருவநிலையாலயா?"

அவர் சிரித்தார். "நான் சொன்னது இந்த நாலுலயும் இல்லயே டீச்சர்."

நானும் சிரித்தேன். அவர் சொன்னதைப் பென்சிலால் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் எழுந்துபோய் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஒரு கட்டத்திலாவது டிக் இருக்க வேண்டுமே என்று, 'தெரியாது' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். எல்லாரும் ரோட்டைச் சொல்லவில்லை. சிலர் கழிவு என்றார்கள், ஒருத்தி மாதாவுக்குக் கோபம் என்றாள். ஆனால் ரோட்டையும் குழாயையும் சொன்னவர்கள் பலர். ஒவ்வொருத்திக்கும் ஓரத்தில் ஒரு வரி எழுதி, கட்டத்தில் 'தெரியாது' போட்டேன். தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய் அட்டவணை போட்டு முடித்ததும் கட்டாகக் கட்டி பீரோவில் வைத்தேன். ஓரத்து வரிகளுக்கு அட்டவணையில் இடம் இல்லை.

மாதம் ஒருமுறை மூன்று துறைக்காரர்களும் கூடுவோம். மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஜன்னல் வழியே துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். ஒரு கூட்டத்தில் தலைவர் படம் போட்டுக் காட்டினார். ரோட்டுக்கு மேற்கே ஓடையில் உப்பின் அளவு ஏறிக் கிடக்கிறது, அங்கே மட்டியே இல்லை. கிழக்கே இருப்பவையும் சிறுத்துவிட்டன. பொறியாளர் கேட்டார்: "மேற்க மட்டும் ஏன் சார் உப்பு இவ்வளவு ஏறுது?"

"வெயில்தான். ஆழம் கம்மி, ஆவியாயிடுது."

பொறியாளர் தலையாட்டிவிட்டு எதையோ குறித்துக்கொண்டார்.

எனக்கு அந்தக் கணத்திலேயே ஞாபகம் வந்தது. மறந்துபோனேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். அந்த அக்கா மேற்கே கை நீட்டியது அப்படியே கண்முன் வந்தது. வாயைத் திறந்தேன்கூட. அப்போது தலைவர் என் அட்டவணையைத் திரையில் போட்டார். "இதைப் பாருங்க. காரணம் என்னன்னு கேட்டா பாதிக்கு மேல 'தெரியாது'ங்கிறாங்க. ரொம்பத் தெளிவா இருக்கு மேடம், உங்க பகுதி." அதற்கு முன் எந்த அறிவியல்காரரும் என் வேலையைத் தெளிவு என்று சொன்னதில்லை. இப்போது எழுந்து, அந்தத் 'தெரியாது' எல்லாம் நான் போட்டது என்று சொல்ல வேண்டும். உப்புமானியையும் வரைபடத்தையும் வைத்திருக்கிறவர்கள் முன்னால், ரோட்டுக்கு அடியில் குழாய் அடைத்திருக்கிறது என்று மட்டி எடுக்கிற ஒரு அக்கா சொன்னார் என்று சொல்ல வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டேன். டீ வந்தது, குடித்தேன்.

அறிக்கை தயாரானது. கிழக்கே மட்டி சிறுத்ததை வைத்துத் தலைவர் எழுதிய முடிவு: பெண்கள் அளவுக்கு மீறி எடுப்பதே முக்கியக் காரணம். மட்டி மறுபடி பெருகும்வரை சில பருவங்களுக்கு எடுப்பதை நிறுத்த வேண்டும். காரணம் தெரியாமல் இருக்கிற பெண்களுக்கு விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும். கடைசி வரிக்கு ஆதாரம் என் அட்டவணை. முன்பக்கத்தில் மூன்றாவதாக என் பெயர். கையெழுத்துப் போடுவதற்கு முன் நான் என் அத்தியாயத்தை மட்டும் எழுத்துப்பிழை பார்த்தேன். பிறகு விசாரித்ததில், மற்ற இருவரும் அவரவர் அத்தியாயத்தை மட்டும்தான் படித்திருந்தார்கள்.

வெளியீட்டு விழா ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. ஊர்ப் பெண்களை வேனில் அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அந்த அக்கா பட்டுச்சேலை கட்டி, மல்லிகைப்பூ வைத்து வந்திருந்தார். பேச்செல்லாம் ஆங்கிலம். மேடையிலிருந்து இறங்கி அவர் பக்கம் போனபோது என் கையைப் பிடித்து, "என்ன சொல்லுதாவ டீச்சர்? ஒண்ணும் வெளங்கலயே" என்றார்.

திரையில் அப்போது, எடுப்பதை நிறுத்த வேண்டும் என்ற வரி ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடையப் பத்தி நல்லா சொல்லுறாங்கக்கா" என்றேன்.

"அப்பொ சரி" என்றார். எல்லாரும் கைதட்டியபோது அவரும் கைதட்டினார்.

அடுத்த பருவத்தில் ஓடைக்கரையில் பலகை வைத்தார்கள். மட்டி எடுக்கத் தடை. காவலுக்கு ஆள் போட்டார்கள். அந்தப் பெண்கள் உப்பளத்துக்கும் இறால் உரிக்கிற கொட்டகைகளுக்கும் போனதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு ஓடைப் பக்கமே நான் போகவில்லை.

ஆனால் விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டியது என் பொறுப்பில் இருந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, இனியும் தள்ளிப்போட முடியாமல், மாணவிகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கோயில் பக்கத்து ஹாலில் பத்துப் பதினைந்து பெண்கள் வந்திருந்தார்கள். அந்த அக்கா கடைசி வரிசையில் இருந்தார். ஐஸில் கைவைத்து இறால் உரிப்பதால் விரல்நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. மாணவிகள் படம் காட்டி முடித்ததும் அவர் எழுந்தார்.

"டீச்சர், அன்னைக்கு நான் ரோட்டப் பத்திச் சொன்னம்லா? நீங்க பென்சில்ல எழுதுனீய. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"ஆமாக்கா. எழுதுனேன்."

"அப்பொ அது எங்க போச்சி?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் திரும்பி, "ஏளா, டீச்சர ஏன் கேக்க? அவிய எழுதிக் குடுத்துருப்பாவ, மேல உள்ளவங்க தூரப் போட்டுருப்பாவ. அவிய என்ன செய்வாவ பாவம்" என்றாள். என் மாணவிகள் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண் சொன்னதையே பிடித்துக்கொண்டு, ஆமாம், மேலே விட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஆனால் உண்மையையும் சொல்லவில்லை. "பாக்குறேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து கட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு தாளாக எடுத்து ஓரத்தைப் படித்தேன். ரோடு. குழாய். ரோட்டுக்கு மேற்கே தண்ணீர் ஏறவில்லை. குழாய் அடைப்பு. என் கையெழுத்திலேயே இருந்தது எல்லாம். அப்போதே பொறியாளருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கேட்டார்: "இத இவ்வளவு நாளும் உங்க வீட்லயா மேடம் வச்சிருந்தீங்க?"

"ஆமா."

"டிராயிங்ல ரெண்டு குழாயும் திறந்துதான் இருக்கு. அத நம்பித்தான் நான் கணக்கு போட்டேன். ஒரு நாள் போயி எட்டிப் பாத்தது கெடயாது." அப்புறம், "நாளைக்குக் காலைல வாங்க" என்றார்.

கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் போனேன். அவர் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு ரோட்டோரச் சரிவில் இறங்கினார். முள்ளை விலக்கிப் பார்த்ததும் ஒரு குழாயின் வாய் தெரிந்தது. உள்ளே ஜல்லி, தார்க்கட்டி, சாக்குகள். கடப்பாரையை விட்டால் ஒரு முழம்கூடப் போகவில்லை. இன்னொரு குழாய் இருக்கிற இடமே தெரியவில்லை. கிழக்குப் பக்கம் தண்ணீர் ஏறி நின்றது. மேற்குப் பக்கம் சேறு வெடித்து, மேலே வெள்ளையாக உப்புப் படிந்து கிடந்தது. கரையில் நின்று பார்த்தாலே தெரிகிற வித்தியாசம். ஆய்வு நடந்த காலமெல்லாம் மூன்று பேரும் அந்த ரோட்டின் மேல் ஜீப்பில் போய்வந்துகொண்டுதான் இருந்தோம்.

அடுத்து தலைவரிடம் சொல்லப் போனேன். தாள்களை அவர் மேசைமேல் வைத்தேன். நாலைந்து படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"பயமா இருந்தது சார்."

"என்கிட்டயா?"

அவரிடமும்தான். ஆனால் அது முழு உண்மை இல்லை. "என் அட்டவணை நல்லா இருக்குன்னு சொன்னீங்க. அதைக் கெடுத்துக்க மனசு வரலை" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உப்பு ஏன் ஏறுதுன்னு அவர் கேட்டப்போ நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு வேறு வேலை இருப்பதாக எழுந்துவிட்டார்.

அறிக்கைக்கு ஒரு திருத்தக் குறிப்பு எழுத அவர் சம்மதித்தார். மூன்று பக்கம். அது வெளிவர மாதக்கணக்கில் ஆனது. விழா எதுவும் இல்லை. அதைத் தமிழில் எழுதி ஊரில் படித்துக் காட்டவேண்டும் என்று பொறியாளர்தான் சொன்னார். அந்த வேலையை அவர் தலையில் கட்டப் பார்த்தேன். "நீங்கதான் மேடம் படிக்கணும்" என்றார்.

அதே ஹால். இந்த முறை கூட்டம் அதிகம். குழாய் அடைப்பைப் பற்றிப் படித்தபோது, "அதத்தான நாங்க சொன்னோம்" என்று பல பக்கம் குரல் எழுந்தது. அடுத்த பத்தியில், காரணத்தைச் சரியாகச் சொன்ன பெண்களின் பதில்களை 'தெரியாது' என்று குறித்தது சமூக ஆய்வாளரின் தவறு என்று இருந்தது. நானே எழுதிய வரி. அதை வேகமாகப் படித்துத் தாண்டப் பார்த்தேன்.

"டீச்சர், நில்லுங்க." அந்த அக்கா. "அது என்ன, இன்னொரு வாட்டி படிங்க."

படித்தேன்.

"எனக்குத் தெரியாதுன்னா போட்டீய?"

"ஆமாக்கா."

"நான் அம்புட்டு நேரம் சொல்லிட்டு அந்தால வாளி கழுவப் போனேன். நீங்க அங்கனயே உக்காந்து எனக்குத் தெரியாதுன்னு போட்டீய."

பென்சிலில் எழுதியது மேலே போய்த் தொலைந்துவிட்டது என்றுதான் அதுவரை அவர் நம்பியிருந்தார். என்மேல் அவருக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் அந்த நம்பிக்கையில்தான் இருந்தது. "மன்னிச்சிருங்கக்கா" என்று சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்காத குரலில். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மீதிப் பக்கத்தை நான் படித்து முடித்தேன்.

அந்தத் தமிழ்ப் பக்கங்களை இணைத்து ஊர்ப் பெண்களே மனு கொடுத்தார்கள். நடையாய் நடந்தார்கள். ஒரு வழியாக அதிகாரிகள் ஒரு குழாயைத் தோண்டித் திறந்துவிட்டார்கள். இன்னொன்று ரோட்டுக்கு அடியில் நொறுங்கிப்போயிருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டார்கள். தடைப் பலகையை எடுக்க இன்னும் ஒரு பருவம் பிடித்தது. இப்போது மேற்குப் பக்கம் தண்ணீர் ஏறுகிறது. ரோட்டை ஒட்டிக் குஞ்சு மட்டி தட்டுப்படுவதாகப் பொறியாளர் படம் எடுத்து அனுப்பினார். பெண்களில் பாதிப் பேர் திரும்பி வந்து எடுக்கிறார்கள். அந்த அக்கா வரவில்லை. கொட்டகை வேலையில் இடுப்பு போய்விட்டது, இனிமேல் தண்ணீரில் நிற்க முடியாது என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். அன்று ஹாலில் முணுமுணுத்த மன்னிப்பைச் சரியாக ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். அவர் வாசலில் நாற்காலி போட்டார். "வாங்க மேடம், கலர் குடிக்கியளா?" என்றார். அதுவரை ஒருநாளும் என்னை மேடம் என்று அவர் கூப்பிட்டதில்லை. வேண்டாம் என்று சொல்லியும் கடைக்கு ஆள் அனுப்பி வாங்கிவரச் சொன்னார். மருமகளுக்கு இது எட்டாம் மாதம் என்றார். என் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். நான் இரண்டு தடவை பேச்சை ஓடைப் பக்கம் திருப்பப் பார்த்தேன். இரண்டு தடவையும் அவர், "அது கெடக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு, மருமகளைக் காட்டுகிற ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினார். அவருக்கு வேண்டாத ஒன்றை என் நிம்மதிக்காக அவர் கையில் திணிக்கப் பார்க்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கலரைக் குடித்து முடித்தேன். பஸ் வந்துவிடும் என்று அவரே நினைவுபடுத்தினார்.